கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார்?

குழந்தைகளே, 2025-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மாமல்லபுரத்தில் ஒரு பெரிய போட்டி நடந்தது. அதன் பெயர் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி. பலகை மேல் நின்றுகொண்டு கடல் அலையில் வழுக்கி வருவார்களே, அந்த விளையாட்டுதான். இந்தப் போட்டியை இந்தியா நடத்தியது அதுதான் முதல் தடவை. அதில் ரமேஷ் புதிஹால் என்ற இந்திய வீரர் வெண்கலப் பதக்கம் வென்றார். ஆசிய அலைச்சறுக்குப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பதக்கம் வாங்கியதும் அதுவே முதல் தடவை.

நல்ல செய்திதான். ஆனால் ஒரு கேள்வி. மதுரை மாவட்டத்தில் எழுமலை என்ற ஊர் இருக்கிறது. உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் பக்கம். மேற்கே மலைத்தொடர், சுற்றிலும் சோளமும் பருத்தியும் விளையும் வானம் பார்த்த பூமி. அங்கே படிக்கும் ஒரு பெண்ணோ பையனோ இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, "எனக்கும் தண்ணீரில் சறுக்க ஆசையாக இருக்கிறது. எங்கே போய்க் கற்றுக்கொள்வது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

"கடல் எங்கேயோ இருக்கிறது, போய்ப் படி" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பதில் ஆகாது. இந்தக் கேள்விக்குள் விளையாட்டை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால், தண்ணீரில் சறுக்குவது எப்படித் தொடங்கியது என்று தெரிந்துகொள்வோமா?

அம்மாவின் அண்டாவில் வெந்த பலகை!

அலைச்சறுக்குக்கு நெருங்கிய உறவு நீர்ச்சறுக்கு. இதற்கு அலை தேவையில்லை. ஒரு விசைப்படகு முன்னால் போகும். அதில் கட்டிய கயிற்றை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். காலில் இரண்டு நீளப் பலகைகள். படகு இழுக்க இழுக்க நாம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவோம்.

இதைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி அல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வாழ்ந்த ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர். அவருடைய ஊர் லேக் சிட்டி. பக்கத்திலேயே பெப்பின் ஏரி. பனியில் பலகை கட்டிக்கொண்டு சறுக்குகிறார்களே, தண்ணீரில் ஏன் சறுக்கக் கூடாது என்று அவர் யோசித்தார்.

முதலில் மரப் பீப்பாயின் வளைந்த பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார். மூழ்கிப் போனார். பிறகு பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிப் பார்த்தார். அதிலும் மூழ்கினார். கடைசியில் மரக்கடையில் இரண்டு பலகைகள் வாங்கி வந்தார். அம்மா துணி வேக வைக்கும் அண்டாவில் பலகை முனைகளைப் போட்டு வேக வைத்து, மேல்நோக்கி வளைத்தார். தோல் வாரால் காலுக்குப் பிடிப்பு வைத்தார். அண்ணன் பென் படகு ஓட்டினார்.

அப்போதும் பல தடவை விழுந்தார். 1922-ம் ஆண்டு ஜூலை 2-ம் தேதி, உடம்பைப் பின்னால் சாய்த்து, பலகை முனைகளைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். படகு கிளம்பியது. அவர் எழுந்து நின்றார்! மறுநாள் அவருக்கு 19-வது பிறந்த நாள்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. 40 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1966-ம் ஆண்டில்தான் "முதல் நீர்ச்சறுக்கு வீரர் இவர்" என்று அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் அங்கீகரித்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நீர்ச்சறுக்கு ஒரு கண்காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

ஏன் மூழ்குவதில்லை?

மதுரைக்காரர்களுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் தெரியும். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். தை மாதத் தெப்பத் திருவிழாவில் மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் வலம் வருவார்கள். கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மெல்ல மெல்ல நகரும்.

தெப்பமும் கயிற்றால் இழுக்கப்படுகிறது. நீர்ச்சறுக்குக்காரரும் கயிற்றால் இழுக்கப்படுகிறார். என்ன வித்தியாசம்? வடத்தை விட்டுவிட்டாலும் தெப்பம் மிதந்துகொண்டே இருக்கும். நீர்ச்சறுக்குப் பலகையில் நிற்பவர் கயிற்றை விட்டால் வேகம் குறைந்து மெல்ல அமிழ்ந்து விடுவார். அவரைத் தாங்குவது வேகம்தான்.

இதை இன்னொரு விளையாட்டிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தட்டையான ஓட்டாஞ்சில்லைத் தண்ணீர் மேல் சாய்வாக வீசினால் என்ன ஆகும்? தவளை போலத் தத்தித் தத்திப் போகும். ஓடு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் ஓட்டை மேலே தள்ளுகிறது. வேகம் தீர்ந்ததும் 'முழுக்'! நீர்ச்சறுக்குப் பலகையும் அப்படித்தான். சாமுவேல்சனின் பலகை முனைகள் தண்ணீருக்கு மேலே இருந்ததால் தண்ணீர் பலகையைத் தூக்கிவிட்டது. முனை உள்ளே போயிருந்தால் அதே தண்ணீர் அவரை அமுக்கியிருக்கும்.

முதல் பாடம் தரையில்!

புதிதாக நீர்ச்சறுக்குப் பழகுபவருக்கு முதல் பாடம் எங்கே நடக்கும் தெரியுமா? தண்ணீரில் அல்ல, கரையில்! பலகையைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார வேண்டும். கயிற்றின் ஒரு முனை உங்கள் கையில். மறு முனையைப் பயிற்சியாளர் பிடித்து இழுப்பார். அவர் இழுக்க இழுக்க நீங்கள் மெதுவாக எழ வேண்டும். அப்போது அவர் சொல்லித் தருபவை இவைதாம்:

* கைகளை நேராக நீட்டு. கயிற்றை உன் பக்கம் இழுக்காதே. அது உன்னை இழுக்கட்டும்.

* முழங்கால்கள் மார்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நாற்காலியிலிருந்து எழுவது போல மெதுவாக எழு. அவசரப்பட்டு எழுந்தால் குப்புற விழுவாய்.

* காலைப் பார்க்காதே. தூரத்தில் போகும் படகைப் பார். தலை குனிந்தால் உடம்பும் கவிழும்.

* விழப் போகிறாய் என்று தெரிந்தால் கயிற்றை உடனே விட்டுவிடு.

கடைசிப் பாடம்தான் பலருக்குக் கடினம். விழும்போது கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. ஆனால் இங்கே பிடித்துக்கொண்டிருந்தால் படகு நம்மைத் தண்ணீருக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போகும். விடத் தெரிந்தவருக்குத்தான் அடி படாது.

தரையில் இது சரியாக வந்த பிறகே தண்ணீர். அப்போதும் உடம்பில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீச்சல் தெரிந்தவருக்கும் கட்டாயம். படகின் வேகம் தொடக்கத்தில் மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர்தான். ஊருக்குள் போகும் டவுன் பஸ் வேகம்.

படகில் எத்தனை பேர்?

சறுக்குபவரை இழுக்கும் படகில் ஒருவர் இருந்தால் போதாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுபவர். அவர் முன்னால் பார்க்க வேண்டும். இன்னொருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்து, சறுக்குபவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது!

இயந்திரச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் கைச் சைகை. கட்டை விரலை மேலே காட்டினால், வேகம் கூட்டு. கீழே காட்டினால், வேகம் குறை. கழுத்துக்குக் குறுக்கே கையை அசைத்தால், படகை நிறுத்து. விழுந்தவர் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டினால், "எனக்கு ஒன்றும் இல்லை, நலமாக இருக்கிறேன்" என்று அர்த்தம். அந்தக் கை உயரவில்லை என்றால் படகு உடனே திரும்பும்.

ஆக, நீர்ச்சறுக்கு என்பது தனி ஆள் வீரம் அல்ல. கயிற்றின் மறுமுனையில் பொறுப்பான ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நடக்கும் விளையாட்டு.

அந்தப் பொறுப்பு தவறினால் என்ன ஆகும்? இரண்டு துயரச் செய்திகளை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. 2024-ம் ஆண்டு ஜனவரி 18-ம் தேதி குஜராத் மாநிலம் வடோதராவில் ஏரிப் படகு கவிழ்ந்தது. பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தார்கள். பல பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் தரப்படவில்லை. படகில் அளவுக்கு மேல் ஆட்கள்.

ஏரிகள் இரண்டிலும் அலையோ புயலோ இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

வீரர்கள் எப்படி வருகிறார்கள்?

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணனைத் தெரியுமா? பாய்மரப் படகு வீராங்கனை. ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். இவர் முதன்முதலில் பாய்மரப் படகைத் தொட்டது 2009-ல், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாமில்!

சென்னைக்குத் தெற்கே கோவளம் என்ற மீனவ கிராமம். அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கைத் தானாகவே பழகினார். பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் குப்பத்திலிருந்து தேசியப் போட்டிகளுக்குப் போகும் வீரர்கள் உருவானார்கள். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த கமலி மூர்த்தி, சின்ன வயதிலேயே ஸ்கேட் பலகையில் ஏறியவர். பிறகு அலைப் பலகையிலும் ஏறித் தேசிய அளவில் வென்றார்.

இந்த மூன்று பேரின் கதையிலும் பொதுவாக இருப்பது என்ன? திறமை என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் திறமைக்கு முன்னால் வேறு இரண்டு இருந்தன. பக்கத்தில் தண்ணீர். கற்றுக்கொடுக்கவோ, ஏற ஒரு பலகை கொடுக்கவோ யாரோ ஒருவர். ஒரு கோடை விடுமுறை முகாம் ஒலிம்பிக் வரை கொண்டுபோய் விட்டது என்றால், அந்த முகாமே இல்லாத ஊர்களில் எத்தனை நேத்ராக்கள் வெளியே தெரியாமல் இருக்கிறார்கள்?

2026 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான பட்டியலில் அலைச்சறுக்கு முதல் முறையாக இடம் பெற்றிருக்கிறது. நீர் விளையாட்டுகளுக்கு இனி மதிப்பு கூடும். பயிற்சிகளும் பெருகும். ஆனால் அவை எல்லாம் கடற்கரையிலேயே நின்றுவிடுமா, மாட்டாவா? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எழுமலையில் தண்ணீரே இல்லையா?

இருக்கிறது. ஆனால் எப்போதும் இல்லை. எழுமலை வட்டாரத்தில் கண்மாய்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் நிரம்பும். பங்குனி, சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அந்தத் தண்ணீர் வயலுக்கும் ஆடு மாடுகளுக்கும் உரியது. அதில் விசைப்படகு ஓட்ட வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது.

உங்கள் தாத்தாவிடமோ அப்பத்தாவிடமோ, "நீங்கள் எப்படி நீச்சல் பழகினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் பழகினேன்" என்பார் ஒருவர். "இடுப்பில் கயிறு கட்டி எங்கய்யா கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்" என்பார் இன்னொருவர். கவனித்தீர்களா? அங்கேயும் கயிறு! மறுமுனையில் அப்பாவோ, சித்தப்பாவோ, மாமாவோ நின்றார்கள். சுரைக்குடுக்கைதான் அந்தக் காலத்து லைஃப் ஜாக்கெட்.

இன்று என்ன நிலைமை? ஆழ்துளைக் கிணறுகள் வந்துவிட்டன. பல பழைய கிணறுகள் வற்றிவிட்டன. சில இடிந்து கிடக்கின்றன. அப்பாவும் மாமாவும் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்ட வீடுகள் பல. பெண் பிள்ளைகளை இறக்கிவிடும் வழக்கமும் எல்லா வீடுகளிலும் இருந்ததில்லை. ஆக, ஒரு தலைமுறைக்கு நீச்சல் தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் கண்மாய் நிரம்பினால் பிள்ளைகள் போகாமல் இருப்பார்களா? போவார்கள். யாருக்கும் சொல்லாமல், பெரியவர்கள் இல்லாமல், நாலைந்து பேராகப் போவார்கள். அங்கேதான் ஆபத்து. கண்மாய்க்குள் வண்டல் மண்ணும் சவுடு மண்ணும் அள்ளிய பள்ளங்கள் இருக்கும். கோடையில் அவை கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் நிரம்பியதும் எது முழங்கால் ஆழம், எது இரண்டாள் ஆழம் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கும். கலிங்கு வழியும்போது பாசி வழுக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் 38 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மூழ்கி இறந்தார்கள். நீரில் மூழ்குவதைத் தடுப்பது எப்படி என்று எல்லா நாடுகளும் யோசிக்க வேண்டும் என்பதற்காக, ஐ.நா. சபை 2021-ல் ஜூலை 25-ம் தேதியை அதற்கான உலக நாளாக அறிவித்தது.

எனவே எழுமலைப் பிள்ளை, "தண்ணீரில் சறுக்க எங்கே கற்றுக்கொள்வது?" என்று கேட்டால், அது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. அதன் முதல் படி நீச்சல். நீச்சல் உயிர் காக்கும் கல்வி.

குடிக்கவே இல்லை, குளிக்கவா?

"வறண்ட ஊரில் நீச்சல் குளமா? குடிக்கவே தண்ணீர் பற்றாக்குறை!" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் உள்ள குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மூன்றையும் பெருக்கினால் சுமார் 406 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். ஆக, 4 லட்சம் லிட்டருக்கு மேல்! சிறிய ஊருக்கு இது அதிகம்தான்.

ஆனால் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய குளம் வேண்டாம். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் போதும். அதற்கு 72 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் ஆறு லாரி. தண்ணீரை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆவியாகிப் போவதையும் அழுக்கு நீக்கும்போது வீணாவதையும் மட்டும் ஈடு செய்தால் போதும். உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு குளத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அதுவும் முடியாதா? வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி விடுகிறார்கள். ஆழம் தெரிந்த, தடுப்புக்குள் இருக்கும் பகுதியில் மட்டும் பயிற்சி. உள்ளூர் இளைஞர்களையே பயிற்சியாளர்களாக்கி, குழந்தைகளுக்கு 25 மீட்டர் நீந்தவும், மிதக்கவும், தண்ணீரில் இறங்காமலே மற்றவரைக் காப்பாற்றவும் சொல்லித் தருகிறார்கள். வங்கதேசம் பணக்கார நாடு அல்ல. ஆனால் வழி கண்டுபிடித்துவிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்.

கண்மாயில் தண்ணீர் இருக்கும் இரண்டு மூன்று மாதங்களில், ஆழம் அளந்து தடுப்புக் கட்டிய ஓர் ஓரத்தில், பயிற்சி பெற்ற ஒருவரை நிறுத்தி இதை நம் ஊரிலும் செய்யலாம். தண்ணீர் ஒரு சொட்டும் குறையாது!

இப்போதைக்கு இந்த வட்டாரப் பிள்ளைகள் முறையான நீச்சல் குளம் தேடினால், மதுரை ரேஸ்கோர்ஸில் உள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கத்துக்குத்தான் போக வேண்டும். எழுமலையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தினமும் பள்ளி விட்டு வந்து பஸ் ஏறிப் போய் நீந்திவிட்டுத் திரும்ப முடியுமா? கோடை விடுமுறையில் பத்து நாள் முகாமாக, பள்ளி மூலம் வாகனம் ஏற்பாடு செய்து அழைத்துப் போனால் முடியும். நேத்ரா குமணன் தொடங்கியதும் ஒரு முகாமில்தானே?

நீச்சல் தெரிந்த பிறகு மற்றக் கதவுகள் தானாகத் திறக்கும். மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் வழியில், ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசைக் கடற்கரையில் துடுப்புப் பலகைப் பயிற்சி நடக்கிறது. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் சுற்றுலாத் துறைப் படகுத்துறை இருக்கிறது. கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி இருக்கிறது. பலகை மேல் நிற்பதற்கு வேண்டிய சமநிலையையும் கால் பலத்தையும் பள்ளி மைதானத்திலேயே வளர்த்துக்கொள்ளலாம். முதல் பாடம் தரையில்தான் என்று பார்த்தோம் அல்லவா? கபடி ஆடும் கால்களுக்குக் குந்தி எழுவது ஒன்றும் புதிது இல்லை!

நீங்கள் என்ன செய்யலாம்?

1. கண்மாய், கிணறு, குவாரிப் பள்ளம், கால்வாய் எதிலும் பெரியவர் துணை இல்லாமல் இறங்காதீர்கள். நண்பன் துணை, துணை ஆகாது. அவனும் உங்களைப் போலப் பிள்ளைதான்.

2. யாராவது தண்ணீரில் தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். மூழ்குபவர் பயத்தில் உங்களையும் பிடித்து அமுக்கிவிடுவார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு, மூன்று பேர் இறந்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. உரக்கக் கத்தி ஆள் கூப்பிடுங்கள். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுங்கள். கயிறு, வேட்டி, மூடி போட்ட காலி கேன், பிளாஸ்டிக் குடம், எது கிடைத்தாலும் எறியுங்கள். 108-க்கோ 112-க்கோ போன் செய்யச் சொல்லுங்கள்.

3. சுற்றுலா போய்ப் படகில் ஏறினால், லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வாரைக் கட்டிய பிறகே உட்காருங்கள். தரவில்லை என்றால், "எனக்கு எங்கே?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

4. உங்கள் ஊர்க் கண்மாயில் எங்கெங்கே பள்ளம் இருக்கிறது என்று கோடையில் அப்பாவோடு போய்ப் பாருங்கள். வகுப்பில் ஒரு வரைபடமாக வரைந்து ஒட்டுங்கள். மழைக்காலத்தில் அது ஓர் உயிரைக் காக்கலாம்.

5. கிராம சபைக் கூட்டத்திலோ பேரூராட்சியிலோ பேசும்படி அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். பள்ளத்துப் பக்கம் எச்சரிக்கைப் பலகை, விடுமுறையில் நீச்சல் முகாம், இந்த இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் மனுவாக நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

பதக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் ஒவ்வொரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கிப் பத்திரமாகக் கரையேற வேண்டும். சாமுவேல்சன் எத்தனையோ தடவை விழுந்தும் மறுபடி முயன்றார். முயல முடிந்தது எதனால்? விழுந்த ஒவ்வொரு தடவையும் படகைத் திருப்பிக்கொண்டு வர அவருடைய அண்ணன் இருந்தார்.

எழுமலைப் பிள்ளைகளிடமும் துணிச்சலுக்குக் குறைவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஊரும், பள்ளியும், அரசும் முன்வர வேண்டும். கேட்க வேண்டியதை இன்றே கேட்டு வையுங்கள் குழந்தைகளே. மழைக்காலம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்!